அம்மா பெரட்டுக்குப் போன இல்லம்

அம்மாவின் முதலாமாண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. நான் அழுதுகொண்டே எழுதுவேன் என்று தம்பி நினைத்தான். இல்லை, நிம்மதியாகத்தான் எழுதுகிறேன்.

அம்மா ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். அப்பா காலமானபோது தம்பி பால்குடி மறக்காத பிள்ளை. அம்மா பால்மரம் சீவியே எங்களை ஆளாக்கினார். கொஞ்சம் வாய் நீளம்தான். வேலை வாங்கும் மண்டோரையே எதிர்த்துப் பேசுவார். ஆனால் பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் எங்கள் சோற்றில் பாதி அங்கே போய்விடும். விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். மணி அடித்ததும் மண்டோர் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நெரை, எந்த வரிசை மரம் என்று வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. பிந்தினால் பெயரை வெட்டிவிடுவார்கள், அன்றைக்குக் கூலி இல்லை. அம்மா ஒருநாளும் பிந்தியதில்லை.

பிற்காலத்தில் செடெனாக்கில் தம்பி வீட்டில் இருந்தபோது மறதி நோய் வந்தது. எங்கள் பெயரெல்லாம் மறந்தவருக்குப் பெரட்டு மட்டும் மறக்கவில்லை. இருட்டோடு எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே நடந்துவிடுவார். ஒருநாள் லாரி ஓட்டுநர் ஒருவர் பெரிய சாலையில் அவரைக் கண்டு, ஓரமாக உட்கார வைத்துப் போலீசுக்குச் சொன்னார். அதன் பிறகு தம்பி கிரில் கதவைப் பூட்டினான். அம்மா கம்பியைப் பிடித்து உலுக்குவார்.

"கதவத் தொறங்கய்யா, பேரு வெட்டிடுவாங்க."

பெற்ற தாயைப் பூட்டி வைத்துவிட்டு யாருக்குச் சோறு இறங்கும்? நானும் கணவரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். என் வீட்டுக்கு வந்தாலும் பூட்டுத்தான். குளுவாங் பக்கம் தேவாலயத்தார் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். அதற்காகச் சிலர் வாயில் விழுந்தோம். போகட்டும்.

அங்கே முதல் விடியலில் அம்மா வழக்கம்போல் வெளியே கிளம்பியிருக்கிறார். அந்நேரம் காலை ஜெபத்துக்கு மணி அடித்தது. எல்லாரும் ஜெப அறைக்குப் போக, அம்மாவும் திரும்பி அவர்களோடு போய் உட்கார்ந்துவிட்டார். இல்லத்தை நடத்தும் சிஸ்டர், அங்கிருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பது அங்கே வழக்கம். தம் பெயர் வந்ததும் அம்மா எழுந்து நின்று, "இருக்கேங்க" என்றாராம். ஜெபம் முடிந்ததும் சிஸ்டரிடம் போய், தமக்கு எந்த நெரை என்று கேட்டாராம். சிஸ்டர் எனக்குப் போன் செய்து, நெரை என்றால் என்ன என்று விசாரித்தார். சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன், முடிக்கும்போது அழுதுவிட்டேன்.

மறுநாளிலிருந்து சிஸ்டர் தினமும் ஒரு வேலை கொடுத்தார்: கீரை ஆய்வது, துண்டு மடிப்பது. அம்மா வாசலைத் தாண்டுவதை விட்டுவிட்டார். நெற்றி நிறைய விபூதியோடுதான் ஜெப அறைக்குப் போவார். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மாவின் தம்பி, கோத்தா திங்கி மாமாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. அக்காவைச் சிலுவைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டோம் என்று குதித்தார். தாமே அழைத்துப் போவதாகச் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் காரோடு இல்லத்து வாசலில் வந்து நின்றார். மறுபடியும் பூட்டா? மாமா விறுவிறுவென்று ஜெப அறைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்டா லேட்டு? ஒன் பேரக் கூப்டாச்சு. பேசாம ஒக்காரு."

அதே தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று வளர்ந்தவர்தானே மாமாவும். உட்கார்ந்துவிட்டார். ஜெபம் முடியும்வரை தலை நிமிரவில்லை. வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்:

"அக்கா வேலைக்குப் போவுதும்மா. இருக்கட்டும், இங்கயே இருக்கட்டும்."

சிறு காய்ச்சலுக்குப் பின் அம்மா அங்கேயே உறக்கத்தில் காலமானார். நம் முறைப்படி எல்லாம் நடந்தது. கொள்ளிச் சட்டி தூக்கிய தம்பிக்குப் பக்கத்தில் மாமா நடந்தார்; சிஸ்டரும் பணிப்பெண்களும் சுடுகாடு வரை வந்தார்கள்.

அவர்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் போன அந்த லாரி ஓட்டுநருக்கும், தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மா எங்கே போனாரோ, எந்த வண்டியில் அடிபட்டாரோ என்று அழுத காலம் ஒன்று இருந்தது. இன்றும் அழுகிறோம். ஆனால் பயந்து அழவில்லை.