பேர்ளுக்கு சீற் கிடைக்கேல்லை

என்ரை அக்கா பேர்ள் 1983இலை பிறக்கேக்கை அவளின்ரை இடது கை முழங்கையோடை நிண்டிட்டுது. மூண்டு வருஷம் பிந்தி நான் ரெண்டு கையோடையும் வந்தனான். அதை ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை.

ஒன்பதாம் வகுப்பிலை அவளைப் பள்ளிக்கூடத்தாலை பனிமலையிலை ஸ்கீ பழக்கிற ஸ்னோ காம்புக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். போகேக்கை அம்மா அழுதா. திரும்பி வரேக்கை பேர்ள் அழுதாள், ஸ்னோவை விட்டிட்டு வர மனமில்லையெண்டு. அதுக்குப் பிறகு நாங்கள் ஊரை விட்டு வந்து இருந்த கிரவீன் வீட்டிலை குளிர்காலம் முழுக்க அவளின்ரை கதைதான். அப்பா வேலையாலை வந்த கையோடை ஆறு மணித்தியாலம் கார் ஓடி அவளை மலையிலை கொண்டுபோய் விடுவார். என்ரை கிரிக்கெற் மாட்சுக்குக் கேட்டால், "கிட்டத்தானே தம்பி, நடந்து போட்டு வா" எண்டுவார்.

மற்றவை ரெண்டு தடி ஊண்டி இறங்குவினம், இவள் ஒண்டோடை இறங்குவாள். பூட்ஸ் பூட்டிவிடுவமெண்டு நான் குனிஞ்சால் காலை இழுத்துப்போடுவாள்.

அவளின்ரை பிரிவுக்குப் பெயர் ஸ்டாண்டிங். கால் ஏலாத ஆக்கள் இருந்துகொண்டு ஸ்கீ ஓடுவினம், இவளைப் போலை ஆக்கள் நிண்டுகொண்டு. அதுக்குள்ளையும் ஆருக்கு என்ன ஏலாதெண்டு பார்த்து, ஓடின நேரத்தைக் குறைச்சுக் கணக்குப் போடுவினம். நான் வாங்கின ஏச்சை ஒருத்தரும் அப்பிடிக் குறைச்சதில்லை.

2002இலை நாட்டு அணியிலை சேர்ந்தாள். அப்பா கடையடியிலை நிண்டு கண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னார். இரத்தினசிங்கம் அங்கிள் ஊரிலை இருவது வருஷம் பஸ்ஸிலை நெரிபட்டு வேலைக்குப் போன மனுஷன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, மெய்யாவே கவலைப்பட்டுக் கேட்டார்.

"ஸ்டாண்டிங்கோ? ஏன் கிறகோரி, பிள்ளைக்கு சீற் கிடைக்கேல்லையோ?"

அண்டு தொடக்கம் அந்த மூக்காலை வாற குரல் என்னட்டை இருக்கு.

2006 தை மாசம், தமிழ்ப் பள்ளிக்கூடப் பொங்கல் விழாவிலை, ஆக்களைப் போலை கதைச்சுக் காட்டிப் பகிடி விட எனக்குப் பத்து நிமிஷம் தந்தினம். அண்டைக்காவது சனம் என்னைப் பார்க்குமெண்டு ஒரு மாசமாப் பழகினன். விழாவண்டு காலமை பேர்ள் ஏர்போட்டிலை வந்திறங்கிப் போன் எடுத்தாள்.

"பாராலிம்பிக் லிஸ்ற் வந்திட்டுது. என்ரை பேர் இல்லை. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, நான் வந்து சொல்லுறன்."

ஓமெண்டனான். பாவமாத்தான் இருந்தது. ஆனால் அங்கிளின்ரை பகிடியை எடுத்துப்போட்டால் என்ரை பத்து நிமிஷத்திலை மிச்சம் ஒண்டுமில்லை. அவள் வீட்டை போய்ப் படுப்பாள் எண்டு நினைச்சன்.

மேடையிலை கண்ணாடியைத் துடைக்கிற மாதிரித் துடைச்சன். "ஏன் கிறகோரி, பிள்ளைக்கு சீற் கிடைக்கேல்லையோ?" மண்டபம் குலுங்கிச் சிரிச்சுது. முன் கதிரையிலை அங்கிளே வயித்தைப் பிடிச்சுக்கொண்டிருந்தார். அப்பதான் கண்டன். கதிரையெல்லாம் நிரம்பி, பின் கதவடியிலை நிண்ட ஆக்களோடை பேர்ளும் நிக்கிறாள், காலடியிலை ஸ்கீ பையோடை.

"ஓம் அங்கிள்" எண்டாள் சத்தமா. "இந்த முறையும் ஸ்டாண்டிங்தான்."

சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சுது. என்ரை பகிடிக்கு விழுந்ததிலும் ரெண்டு மடங்கு. அவள் சொன்னது பகிடியில்லையெண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சும் எனக்குப் பத்தி எரிஞ்சது.

வீட்டை போக நான்தான் கார் ஓடினன். பின்னாலை அம்மாவோடை இருந்த அப்பா நெடுகச் சிரிச்சுக்கொண்டு வந்தார். பேர்ள் எனக்குப் பக்கத்திலை இருந்து மெல்லமாச் சொன்னாள், "எனக்கு ஏலாமக் கிடக்கு. நீ சொல்லு. அங்கிளின்ரை குரலிலையே சொல்லு."

மூக்கைச் சுருக்கிப் பார்த்தன். அந்தக் குரல் வரேல்லை.

"அம்மா, அக்காவை இந்த முறை எடுக்கேல்லை."

அப்பாவின்ரை சிரிப்பு நிண்டிட்டுது. அம்மா பின் சீற்றிலையிருந்து கையை நீட்டி அவளின்ரை தோளை இறுக்கிப் பிடிச்சா. அப்பா அவளின்ரை தலையைத் தடவினார். பேர்ள் பிறகும் மூண்டு வருஷம் ஓடினாள், 2009இலை முழங்கால் பழுதாகிற வரைக்கும்.

அண்டைக்கு நான் திரும்ப வேண்டிய றோட்டை விட்டிட்டு, பக்கத்து ஊர் நார்த்மீட் வரைக்கும் ஓடிப்போட்டன். காருக்குள்ளை ஒருத்தரும் கவனிக்கேல்லை.