ஜவுபர் ஒட்டி வைத்த பதினேழு படங்கள்

ஜவுபர் மவுத்தாகி ஐம்பதாம் நாள், அவர் சனங்களுக்கு இணைய விண்ணப்பம் போட்டுக் கொடுத்த சாய்ந்தமருதுக் கடையிலிருந்த கணினி அவரது வீட்டு உள்ளறைக்கு வந்தது. மனைவி நஸீறா கணவன் இறந்ததற்கான இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வாசல் தாண்ட முடியாது. அந்நிய ஆண்களின் முன் வரவும் முடியாது. பெண்கள் அறைக்குள் வந்தார்கள். ஆண்கள் திரைச்சீலைக்கு வெளியே கதிரையில் இருந்துகொண்டு, கீழால் தாளை நீட்டினார்கள்.

கணினித் திரையில் பதினேழு சிறு படங்கள். ஒவ்வொன்றையும் தட்டினால் ஓர் இணையத்தளம் திறக்கும். ஜவுபர் அவற்றுக்குச் சனங்கள் கேட்கும் பெயரையே வைத்திருந்தார்: றிசல்ட், பாஸ்போட், கெம்பஸ்.

அன்று கெம்பஸ் என்ற பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். விண்ணப்பிக்க வந்த நஸ்லியா பக்கத்தில் இருந்தாள். அவளுடைய வாப்பா றஸாக் திரைச்சீலைக்கு வெளியே. நஸீறா ‘கெம்பஸ்’ படத்தைத் தட்டினாள். விண்ணப்பக் காலம் முடிவடைந்தது என்று வந்தது.

நஸ்லியா கையை மடியில் வைத்தபடி கேட்டாள்:

"முடிஞ்சிட்டா மாமி?"

நஸீறாவுக்குள் பயம் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. ஐம்பது நாளாக அப்படித்தான். அவள் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்தாள். மூலையில் போன வருடத்துத் திகதி இருந்தது. ஜவுபர் தளத்தின் முகப்பை ஒட்டாமல், உள்ளே போய்ப் போன வருடத்து விண்ணப்பப் பக்கத்தை ஒட்டியிருக்கிறார். தினமும் கடையிலிருந்தவர், உயிரோடிருந்தால் இந்த வருடத்துக்கு மாற்றியிருப்பார்.

முகவரியின் பின்பாதியை அழித்துத் தட்டினாள். முகப்பு திறந்தது. அதில் இந்த வருடத்து விண்ணப்பம் இருந்தது.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நஸ்லியா எழுந்து நின்று, "விண்ணப்பம் போயிட்டு, வாப்பா" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் றஸாக். பிறகு, "ஜவுபர்ர கடையெண்டா ரெண்டு மணித்தியாலம் நிண்டு காலு மரத்திருக்கும். இஞ்ச கதிர கிடைச்சிருக்கு."

நஸ்லியா சிரித்தாள். சிரிக்கவேண்டிய இடமென்று நஸீறாவுக்கும் விளங்கியது.

"நாளைக்கும் ஆக்கள வரச் சொல்லுங்க," என்றாள்.

அவர்கள் போனபின், முகவரிக்கு முன்னாலிருந்த சிறு குறியைப் பிடித்துக் கணினித் திரைக்கு இழுத்து விட்டாள். ஜவுபர் இழுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். புதிய படத்துக்குக் கெம்பஸ் என்று பெயர் வைக்கப் பார்த்தாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இரண்டு என்று இலக்கம் போடவா என்று கணினி கேட்டது.

வேண்டாமென்று தட்டினாள். பழையதை அழித்தாள். கை செய்ததைக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. மனதில் ஒன்றும் வரவில்லை.

புதியதற்கு அதே பெயரை வைத்துவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனாள். தொழுதுவிட்டு வந்து, மற்றப் பதினாறில் எது எது போன வருடத்தில் நிற்கிறது என்று பார்க்க, ‘றிசல்ட்’டைத் தட்டினாள்.