சொல்லிக்கொள்ளாமல் போனவர்

வெள்ளைக்காரர்கள் எங்கே போனாலும் கற்றுக்கொடுக்கத்தான் போவார்கள் என்று எனக்கு ஓர் இளக்காரம் உண்டு. ஓமான் நாட்டில் சோஹார் துறைமுக ஆபீஸில் எனக்கு மேலதிகாரியாக வந்த ஜெர்மன்காரரையும் அப்படித்தான் நினைத்தேன். வந்த புதிதில் கம்பெனி அவரை ஓட்டலில் உட்கார வைத்து, அரபிகள் கொடுக்கும் காபியை எந்தக் கையில் வாங்க வேண்டும் என்று வகுப்பு எடுத்தது. ஆபீஸில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்களான நாங்கள். எங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

எங்களிடமிருந்து அவர் தானாகப் பிடித்துக்கொண்டது "போயிட்டு வரேன்". சாயங்காலம் நாங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவரும் ஆரம்பித்தார். போகிறேன் என்று மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்டார். திரும்பி வருவேன் என்று சொல்லாமல் நாங்கள் கிளம்ப மாட்டோம் என்றேன். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், லிப்ட் கதவு மூடும்வரை கத்துவார்.

போன வருஷம் ஜெர்மனியில் அவருடைய அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்து அவர் திரும்பியதும் நாங்கள் நாலு பேர் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். கூப்பிடாமல் வந்தவர்களைப் பார்த்து அவர் திகைத்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தோம். மறுநாள் என்னிடம் சிடுசிடுத்தார்.

"தினமும் சொல்லிக்கிட்டுப் போறவங்க, நேத்து ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து போனீங்களே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

சாவு வீட்டில் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டோம், இன்னொரு முறை இதே மாதிரி அங்கே வர நேரக் கூடாதல்லவா என்றேன். துக்கம் நடந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அதனால்தான் சாப்பாடு என்றும் சொன்னேன். "ம்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த வருஷம் என் முறை. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஊரில் அம்மா போய்விட்டாள். என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. வெள்ளி இங்கே விடுமுறை நாள். ஜெர்மன்காரரும் யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. நான் ஒரே மகன். சித்தப்பா மகன் கொள்ளி வைத்ததைப் போனில் பார்த்தேன். படம் விட்டுவிட்டு வருகிறதே என்று எரிச்சல்தான் வந்தது. அழுகை வரவில்லை.

"ஒரேயடியா இப்படி உக்காந்திருக்காதீங்க, பயமா இருக்கு" என்றாள் மனைவி.

சாயங்காலம் பெல் அடித்தது. ஜெர்மன்காரர். ஷூவைக் கழற்றிவிட்டு, மூடி போட்ட பாத்திரத்தை மனைவியிடம் நீட்டினார். அவரே வடித்த சோறு, கஞ்சியாகக் குழைந்திருந்தது. கூடவே வேகவைத்த உருளைக்கிழங்கு. நான் தரையில் இருந்ததால் அவரும் மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டித் தரையில் உட்கார்ந்தார்.

வெகு நேரம் கழித்து எழுந்தார். ஷூவை மாட்டிக்கொண்டு பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். லிப்டுக்குக்கூட நிற்காமல் தலையைக் குனிந்தபடி படியில் இறங்கிப் போய்விட்டார்.

அம்மா செத்துப்போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திறந்த கதவோரம் உட்கார்ந்து அழுதேன். போன லீவு முடிந்து கிளம்பியபோது, "போயிட்டு வரேம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.