பிடியரிசிப் பையில் உமி

எங்கள் சபையில் ஒருத்தி தும்மினால் பத்துப் பேர் மூக்கைத் துடைப்பார்கள். பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறைதான் பூந்தமல்லியிலிருந்து வருவார். மற்ற நாட்களில் சபையைக் கவனித்துக்கொண்டவர் உபதேசியார். ஒருவரை ஒருவர் விசாரிப்பதுதான் அன்பு என்று அவர் பிரசங்கம் செய்வார். எனக்கானால் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஞாயிறு கோவிலுக்குப் போகாவிட்டால், மத்தியானத்துக்குள் மூன்று பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "இன்னாமே, ஒடம்புக்கு இன்னா?" என்று வாய் கேட்கும். கண் அடுப்பில் இருக்கும்.

அவர்களுக்குத் தலைவி கோவிலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா. கோவிலைப் பெருக்குவதும் மணி அடிப்பதும் அவள் வேலை. மணி ஓய்ந்தாலும் அவள் வாய் ஓயாது. நசரத்பேட்டையில் அவள் காதில் விழுந்தது, நாம் நடந்து போவதற்குள் குமணன்சாவடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

நாங்கள் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பண்ணை வீட்டில்தான் வேலை. இனி ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகவேண்டும் என்று இவர் போய்ச் சொன்னபோது பண்ணைக்காரர் கோபப்படக்கூட இல்லை. "நாயித்துக்கெழம வரலேன்னா திங்கக்கெழமயும் வராத" என்று மட்டும் சொன்னார். அதோடு அந்த வாசல் அடைபட்டது. சொந்தக்காரர்களும் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்த ஓலைக் கோவிலும் அதைச் சேர்ந்த இருபது குடும்பங்களும்தான். அதுவும் போனால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

இவர் ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் கட்டிடம் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு மண் சுமக்கப் போனார். சண்டைக் காலம். பர்மா அரிசி வரத்து நின்றுபோயிருந்தது. ஐப்பசி மழையில் நனைந்து இவருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது.

சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், கடவுளுக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டு வைக்கவேண்டும். ஞாயிறன்று அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போய், பாட்டுப் பாடும்போது ஒவ்வொருத்தியாக எழுந்து முன்னாலிருக்கும் கூடையில் வைப்போம். உபதேசியார் வீட்டு உலை அதில்தான் கொதித்தது. அந்தச் சட்டியில் கை வைப்பது திருட்டு. கடவுளின் பங்கைத் தொட்டவர்களுக்கு, பாதிரியார் வந்து அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தில் இடமில்லை என்று உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அந்தச் சட்டியில் இருந்ததைத் தவிர வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பெண் அழுது அழுது குரல் கம்மிவிட்டது. எடுத்துக் கஞ்சி காய்ச்சினேன். மூன்று பேரும் குடித்தோம். உள்ளதைச் சொல்கிறேன், அத்தனை ருசியான கஞ்சியை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

ஞாயிறு வந்தது. போகாவிட்டால் அக்கா வந்துவிடுவாள். வெறுங்கையோடு போனால் எல்லோரும் பார்ப்பார்கள். பையில் உமியை அடைத்தேன். கனமே இல்லையே என்று அடியில் இரண்டு ஜல்லிக் கல்லையும் போட்டுக் கட்டினேன். மத்தியானம் வரைக்குமாவது மானம் நிற்கட்டும் என்ற நினைப்பு. பையைக் கூடையில் வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான், அதன் ஓரத்தில் நானே சிவப்பு நூலில் போட்ட பூ ஞாபகத்துக்கு வந்தது. பை மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கொரு அடையாளம் தைத்து வைத்திருந்தோம். பைகளை அவிழ்த்துக் கொட்டி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுப்பவள் யார்? சாட்சாத் அக்காதான். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு நாழிகைகூடத் தாங்கவில்லை.

சாயங்காலம் வந்தாள். பையை என் முன்னால் வைத்தாள். வாய்வரைக்கும் அரிசி இருந்தது. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த இரண்டு கல்லையும் எடுத்துத் தரையில் போட்டாள்.

"உமி சரி. இந்தக் கல்ல யாரு துன்றதுமே? சாமியா, உபதேசியாரா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாத" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஏம்மே சொல்லப் போறேன்?" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் ஒருத்தி முருங்கைக்கீரையோடு வந்தாள். சும்மா இந்தப் பக்கம் வந்தாளாம். அடுத்தவள் கேழ்வரகு மாவு கொண்டுவந்தாள். சாயங்காலம் உபதேசியாரின் மனைவியே ஒரு படி நொய்யை வைத்துவிட்டுப் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அந்த வாரம் முழுக்க அக்காவை மனசுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். அவள் வாயை அடக்கியிருந்தால் எங்கள் வயிறு காய்ந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. இவர் எழுந்து உட்கார்ந்ததே அந்த நொய்க்கஞ்சியில்தான். இன்றைக்கு அவளை நினைத்தாலும் என் கை தானாகக் கூப்பிக்கொள்ளும்.

அடுத்த ஞாயிறு பாதிரியார் வந்தார். திருவிருந்து. பெண்கள் வரிசையாக எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டார்கள். நான் பாயைவிட்டு அசையவில்லை. உபதேசியார் சொன்னது காதிலேயே நின்றது. பாதி வழி போன அக்கா திரும்பி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏந்திரிமே."

"எனக்கு அங்க இடமில்லக்கா."

"நீ இங்கயே குந்திகினு இருந்தா, அவ ஏன் வர்லன்னு எல்லாரும் என்னத்தான் கேப்பாங்கோ. எனக்குப் பொய் சொல்ல வராது."

யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை, எல்லோருக்கும் அவளே சொல்லியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவள் கையை விடவில்லை. இழுத்த இழுப்பில் நடந்தேன். முன்னால் முழங்காலிட்டிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தார்கள். முதலில் நகர்ந்தது உபதேசியாரின் மனைவி. நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் உண்டாயிற்று. அதில் போய் முழங்காலிட்டேன்.