மூன்று பேருக்கு எட்டு போல்டு

உருட்டுவதற்கு முன் பகடையைச் சட்டைக் கையில் துடைப்பார் குகனேஸ்வரன். மலேசிய மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை. துடைத்த பகடையை பிஸ்கட் டின் மூடிக்குள் விடுவார். அதற்கு இருபது முகம். எண் பெரிதாக விழுந்தால் எதிரியின் வெட்டு படும். சிறிதாக விழுந்தால் தப்பலாம்.

ஞாயிறு மதியங்களில் அவர் வீட்டு முன்னறையில் நடப்பது கதை சொல்லி ஆடும் ஆட்டம். வந்தவர்கள் ஆளுக்கொரு வீரராகிக் கதைக்குள் போவார்கள். மற்றதெல்லாம் குகனேஸ்வரன்: காடு, மழை, பாலம் காக்கும் பூதம், வழி கேட்டால் பொய் சொல்லும் சத்திரக்காரன். தேயிலை ஆலையில் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் என்பதால், ஆட்டக் காய்களும் ஆலை கழித்துப் போட்டவைதான். வீரர்களுக்கு நட்டு, எதிரிகளுக்கு போல்டு.

எத்தனை எதிரி என்பதில் கறாரானவர். ஒரு வீரருக்கு இரண்டு போல்டு. "கொறைஞ்சா தூங்கிருவீங்க. கூடுனா அது சண்டை இல்ல, கொலை." காயை வைத்துவிட்டால் இரக்கமும் கிடையாது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் உருட்டுவார். விழுந்தது விழுந்ததுதான்.

ஆட வந்தவர்கள் முதலில் மூன்று பேர்: தோட்டத்து மேற்பார்வையாளர் செல்வராஜு, பள்ளி ஆசிரியை நளினி, பிரிஞ்சாங்கிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் ஷாமல். நான்காவதாகச் சேர்ந்தவர் குகனேஸ்வரனின் அம்மா யோகேஸ்வரி, கொழுந்து வெட்டி ஓய்வுபெற்றவர். வாராவாரம் கத்துகிறவர்களுக்கு டீ போட்டு அலுத்துப்போய் ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கும் ஒரு ஆளு குடுடா. நானும் ரெண்டு வெட்டு வெட்டுறேன்."

மகன் ஒரு மருத்துவச்சியைக் கொடுத்தார். காய், அம்மாவின் மழைக்கோட்டிலிருந்து கழன்ற நீலப் பொத்தான். எந்தப் பூதம் எதிரே வந்தாலும் மருத்துவச்சியின் முதல் கேள்வி, "சாப்டியாப்பா?" கரகரத்த பூதக் குரலில் "இன்னும் இல்லக்கா" என்று மகன் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒருமுறை பாலத்துச் சண்டையில் மருத்துவச்சிக்கு எதிராகப் பகடை பத்தொன்பது காட்டியது.

"இன்னொரு வாட்டி உருட்டு குகன். அம்மா லா!" என்றார் செல்வராஜு.

குகனேஸ்வரன் பொத்தானைக் கவிழ்த்து வைத்தார்.

"செத்தா செத்ததுதான். அடுத்த ஆளக் குடு," என்று கையை நீட்டினார் அம்மா. புது ஆளுக்கும் அதே நீலப் பொத்தான்தான்.

அதன்பிறகு ஷாமல் குகனேஸ்வரனைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் விதமே மாறிவிட்டது. "எங்க ஆட்டத்துக் கங்காணி நேர்மைன்னா அப்படியொரு நேர்மை லா. பெத்த தாயவே கொன்னவரு!" அம்மாவை வைத்துக்கொண்டே சொல்வான். அதிகம் சிரிப்பவரும் அம்மாதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் யோகேஸ்வரிக்கு நெஞ்சு வலித்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அந்த வேடிக்கைப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

காரியம் முடிந்து மறுபடி ஆட உட்கார்ந்தபோது குகனேஸ்வரன் முன்னால் பழைய காலண்டர் அட்டை ஒன்று நின்றது. பகடை அதற்குப் பின்னால் உருண்டது. "காத்து தள்ளிவிடுது," என்றார். சன்னல் சாத்தியிருந்தது. அன்று முதல் எந்தப் பூதத்தின் வெட்டும் யார்மேலும் படவில்லை.

போன ஞாயிறு ஷாமலின் வீரனை ஐந்து எதிரிகள் சூழ்ந்தார்கள். அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டது. "தப்பிச்சிட்ட," என்றார் குகனேஸ்வரன். மறுபடி உருண்டது. "தப்பிச்சிட்ட."

ஷாமல் தன் நட்டை மேசையில் தட்டினான். "என்னைச் சாவ விடுண்ணே. இந்த மாசத்துல நாலு வாட்டி நான் செத்திருக்கணும். ஜெயிச்சாலும் ஜெயிச்ச மாதிரியே இல்ல. இப்படியே போனா அடுத்த வாரம் நான் வரல."

"டேய், பேசாம இரு," என்றார் செல்வராஜு.

"அவன் சொல்றது சரிதான்," என்றாள் நளினி. அவள் போல்டுகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "அண்ணே, ஒரு ஆளுக்கு ரெண்டுன்னுதானே சொல்வீங்க? நாங்க மூணு பேருதான். எட்டு வச்சிருக்கீங்க."

"எப்பயும் எட்டுதானே."

சொன்ன பிறகுதான் அவர் மேசையைப் பார்த்தார். வாராவாரம் அம்மாவின் பங்குக்கும் சேர்த்து எதிரிகளை வைத்திருக்கிறார். நாலு பேருக்கான சண்டை மூன்று பேர் தலையில் விழுந்திருக்கிறது. அவர்கள் சாகக்கூடாது என்று அட்டைக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

கூரையில் தூறல் விழுந்தது. பொத்தான் மேசை ஓரத்தில், அம்மா கடைசியாக வைத்த இடத்திலேயே இருந்தது.

குகனேஸ்வரன் இரண்டு போல்டுகளை எடுத்து இடது கைக்குள் மூடிக்கொண்டார். அட்டையை மடித்துக் கீழே போட்டார். பகடையைச் சட்டைக் கையில் துடைத்தார்.

"ஷாமல், உன்மேல ஒரு வெட்டு வருது."

"வரட்டும்ணே."

பகடை டின் மூடிக்குள் உருண்டு, மோதி, நின்றது. குகனேஸ்வரன் அதைப் பார்க்கவில்லை. இடது கையைத் திறக்காமல், ஷாமல் எண்ணைச் சொல்லட்டும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.