லிப்ட்காரர் வீட்டு லேப்டாப்

சீருடை தைக்கும் தொழிற்சாலையில் மூன்றாவது வரிசையின் மேற்பார்வை அவளிடம் இருந்தது. முப்பது மெஷின்கள், முப்பது பெண்கள். எல்லோருக்கும் அவள் ‘லைன் அக்கா’. நூல் சிக்கி மெஷின் நின்றால் மெக்கானிக் வரட்டும் என்று காத்திருக்க மாட்டாள். திருப்புளியை எடுத்துத் தானே கழற்றிவிடுவாள். வீட்டில் மட்டும் அவள் ஒரு பல்பைக்கூட மாற்றியதில்லை. அங்கே அதற்கு ஆள் இருந்தார். கணவர் லிப்ட் மெக்கானிக். வயர், திருகு, ஸ்விட்ச் என்று எது வந்தாலும் “நீ தள்ளு” என்பார், அவளும் தள்ளிக்கொள்வாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் கொஞ்சம் தேறிவிட்டது. வலது கை தேறவில்லை. வாயில் மிச்சம் நின்றது ஒரே சொல்: “சரி.” பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி. கோபம் வந்தால் அதையே உரக்கச் சொல்வார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பேச்சுப் பயிற்சி. பயிற்சி தரும் பெண் வேறு ஊரில் இருக்கிறாள், வீடியோவில்தான் வருவாள். போன் போதாது, வாய் அசைவது பெரிதாகத் தெரிய வேண்டும், லேப்டாப் வையுங்கள் என்று சொல்லியிருந்தாள். லேப்டாப் இருந்தது. நான்கு மாதமாக யாரும் திறக்கவில்லை. வீட்டு இன்டர்நெட்டும் போன வாரத்திலிருந்து செத்துக் கிடந்தது. போதாக்குறைக்கு, ஞாயிறு காலை துவைக்கும் மெஷினும் வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

கொழுந்தனாருக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, நீங்க எதையும் தொட்டுடாதீங்க. அடுத்த ஞாயிறு நான் வந்து பாத்துக்கறேன்.”

“நாளைக்குப் பத்து மணிக்குக் கிளாஸ் இருக்கே தம்பி.”

“ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. இதெல்லாம் உங்களுக்குப் பிடிபடாது அண்ணி.”

ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. அவள் போனை வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “பிடிபடாதாமே,” என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள். “பாத்துடுவோம்.”

“சரி,” என்றார் அவர்.

முதலில் துவைக்கும் மெஷின். கழிவுக் குழாயைக் கழற்றித் தாழ்த்திப் பிடித்து, நான்கு வாளித் தண்ணீரை இறக்கினாள். கீழ் மூலையில் இருந்த வட்ட மூடி அசைய மறுத்தது. துணி சுற்றித் திருகினாள், பற்களைக் கடித்துக்கொண்டு திருகினாள், கடைசியில் தரையில் உட்கார்ந்து மெஷினுக்குக் காலை முட்டுக் கொடுத்துத் திருகினாள். திறந்தது. உள்ளே ஒரு சட்டைப் பித்தான், இரண்டு ஹேர்பின், நைந்துபோன ஒரு கைக்குட்டை. பாபின் பெட்டியில் நூல் சுற்றிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? கழுவி மாட்டிப் பட்டனைத் தட்டினாள். மெஷின் உறுமிக்கொண்டு சுற்றியது.

இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு. கம்பெனிக்குப் போன் செய்தால் பாட்டுத்தான் கேட்டது. பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பெட்டியின் பின்னால் போன வயரை விரலாலேயே தொடர்ந்து போனாள். போன வாரம் கூட்டும்போது அவளே நகர்த்திய அலமாரி, வயரைச் சுவரோடு நசுக்கிக்கொண்டிருந்தது. அலமாரியில் இருந்ததை எல்லாம் எடுத்து வெளியே வைத்து, அதை நகர்த்தி, வயரைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினாள். இரண்டு நிமிடம் கழித்துப் பச்சை. பாட்டை நிறுத்தினாள்.

லேப்டாப்தான் மல்லுக்கு நின்றது. பாஸ்வேர்ட் கேட்டது.

“உங்க பிறந்த தேதியா?”

“சரி.”

இல்லை.

“நம்ம பொண்ணு பேரா?”

“சரி!”

அதுவும் இல்லை. மூன்றாவது தடவையும் தப்பானதும் அவர் இடது கையால் நாற்காலியை ஓங்கி அடித்தார். கண் கலங்கியிருந்தது. அவள் லேப்டாப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பழுதான மெஷினை அப்படித்தான் பார்ப்பாள், தேய்மானம் எங்கே இருக்கிறதென்று. எழுத்துகளுக்கு ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அழைப்பு மணியை அமுக்குவதுபோல அவர் அதில் வலது சுட்டுவிரலை வைப்பது நினைவுக்கு வந்தது.

அந்தக் கை முஷ்டியாக இறுகிக் கிடந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, விரல் விரலாகப் பிரித்தாள். சுட்டுவிரலைச் சதுரத்தில் வைத்தாள். அடையாளம் தெரியவில்லை என்றது. ஈரம். துடைத்துவிட்டு ஊதி உலர்த்தினாள். மறுபடியும் தெரியவில்லை.

“உங்க விரல்தானே இது?” என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் கை இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. விரலைத் தட்டையாக வைத்து, மேலே தன் கட்டைவிரலால் அழுத்தினாள். திரை திறந்துகொண்டது. நான்கு மாதமாகச் சும்மா கிடந்த கையை அவர் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

உடனே லேப்டாப், அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள் என்று ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதற்குள் அவள் துணி உலர்த்தி, சமைத்து, தரையைத் துடைத்தாள். நடுநடுவே வந்து எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டுப் போனாள். முடிந்ததும், சதுரத்தில் விரல் வைக்க அவர் கையை அவரே இடது கையால் தூக்கிக் கொடுத்தார்.

மாலையில் மகளை வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாள். படம் வந்தது, குரல் வரவில்லை. மைக்கின் மேல் சிவப்புக் கோடு. அதைத் தட்டினாள்.

“அம்மா! யாரும்மா வந்து சரி பண்ணாங்க?”

“யார் வரணும்? நான்தான்.”

மகள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையின் மூலையில் அவர் படமும் தெரிந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாய். அவர் ஷேவ் செய்வதைக்கூடக் கண்ணாடி பார்க்காமல் அவளிடம் விட்டுவிட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இப்படித் திரும்பிக்கொண்டால் நாளைக்குப் பயிற்சி எப்படி நடக்கும்?

“இரு பாப்பா, போனை வச்சுடாதே,” என்றாள்.

இருந்த பட்டனை எல்லாம் அமுக்கினாள். ஒரு தடவை மகள் தலைகீழானாள், ஒரு தடவை காணாமலே போனாள். இருபது நிமிடம் ஆனது. கடைசியில் மூன்று புள்ளிகளுக்குள் அது கிடைத்தது: ‘என் படத்தை மறை.’ தட்டினாள். மூலை காலியானது.

“இப்ப அவ மட்டும்தாங்க இருக்கா. பாருங்க.”

அவர் மெல்லத் திரும்பினார். மகளைப் பார்த்தார்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயிற்சிப் பெண் கன்னத்தை உப்ப வைக்கச் சொன்னாள். அவருக்கு இடது கன்னம் உப்பியது, வலது ஓரத்தில் காற்று ஓடிப்போனது. மறுபடியும், மறுபடியும் என்றாள் அந்தப் பெண். அவரும் விடவில்லை.

“ரொம்ப நல்லாப் பண்றீங்க சார்,” என்றவள் சிரித்தாள். “அம்மா, நீங்க ஊத வேண்டாம்.”

அப்போதுதான் லைன் அக்கா தன் கன்னங்களைத் தொட்டுப் பார்த்துக் காற்றை விட்டாள்.