வெந்நீர்த் துண்டு

என் ஆய்வுக்காக ஓடவிட்ட கணினி நிரல் கக்கியதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் எவ்வளவு இறால் விழும் என்று கணிக்கும் சூத்திரம் வேண்டும். மரபணு நிரலாக்கம் என்ற முறையில் அதை நான் எழுத வேண்டாம். கணினியே குருட்டாம்போக்கில் ஆயிரக்கணக்கில் எழுதும்; தேறியவற்றை ஜோடி சேர்த்து, வெட்டி, ஒன்றின் துண்டை இன்னொன்றில் ஒட்டும். தலைமுறை தலைமுறையாக இதே கூத்து. வந்ததோ முழ நீளக் குப்பை. தண்ணீரின் உப்பளவிலிருந்து அதே உப்பளவைக் கழித்து, பூஜ்ஜியத்தைக் கூட்டி, சீ!

வலையில் வரும் பாசியையும் சொறிமீனையும் உதறியே வளர்ந்தவள் நான். கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு தலைமுறையிலும் குப்பையை உதறினேன். கணிப்பு நாசமாய்ப் போயிற்று.

இந்த முறையில் எது பிழைக்கிறது, ஏன் என்று சொல்லும் ஸ்கீமா கோட்பாட்டைப் படித்த பிறகுதான் உறைத்தது. பிழைப்பது முழுச் சூத்திரம் அல்ல, அதற்குள் இருக்கும் துண்டு. தன்னைச் சுமக்கும் சூத்திரங்களைச் சராசரிக்கு மேல் தூக்கும் துண்டு பெருகும். ஆனால் வெட்டு கண்மூடித்தனமாக விழும். சுற்றிலும் குப்பை இருந்தால் அதன்மேல் விழும், துண்டு தப்பும். அருவருப்பை விழுங்கிக்கொண்டு குப்பையை விட்டுவைத்தேன். எல்லாச் சூத்திரங்களிலும் ஒரே சின்னத் துண்டு வந்து நின்றது: தண்ணீர் சூடேறினால் இறாலைக் குறை.

ஏரிக்குள் ஒரு ஆலை வெந்நீர் விடுகிறது. என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த ஆலைக்கு ஆலோசகர். இந்தத் துண்டு நல்ல சூத்திரங்களோடு ஓசியில் ஒட்டிக்கொண்டு வந்தது, எடுத்துவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

"எங்க ஏரியில பாடுனு ஒரு முறை இருக்கு சார்," என்றேன். "ஒரே இடத்துல இன்னிக்கு ஒருத்தர், நாளைக்கு வேற ஒருத்தர் வலை போடுவாங்க. யார் போனாலும் ஒண்ணும் விழலைனா, குறை ஆள்கிட்ட இல்ல, இடத்துல. இதுவும் அப்படித்தான். எந்தச் சூத்திரத்துல ஒட்டினாலும் கணிப்பைத் தேத்துது."

அப்படியானால் சூட்டின் அளவுகளையே தரவிலிருந்து தூக்கு என்றார். தூக்கி ஓடவிட்டுக் காட்டினேன். புதுத் துண்டு ஒன்று பெருகியிருந்தது: ஆலையின் வெந்நீர் வாய்க்காலை நெருங்க நெருங்க இறாலைக் குறை.

அவர் திரையை நிதானமாகப் பார்த்தார்.

"அதையும் எடுத்துடும்மா."

எடுக்கவில்லை. கையெழுத்தும் விழவில்லை. ஊர் திரும்ப ரயிலில் பொன்னேரி வந்து இறங்கும்வரை, அந்த ஆளைச் சார் என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும் போலவே இருந்தது.